மேகத்துக்குள் இரண்டு குரல்

“…அதெப்படிங்க, கூப்பிட்ட குரலுக்கு ஏன்னு கேக்காம இருக்கறது? எங்கூர்ல நாயி கூட இருக்காதுங்க. நீங்க இருப்பீங்களா?”

கொல்லிமலை மேல் ஒரு தகரக் கொட்டகையில், விசாரணைக்கு வந்திருந்த அதிகாரியைப் பார்த்து சின்னக்கண்ணு இப்படிக் கேட்டான். யுத்த காலம். அதற்குச் சில நாள் முன்னால், எங்கள் மலைக்கு மேலே மேகத்துக்குள் இரண்டு விமானங்கள் மோதி, இரண்டிலும் இருந்தவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் வயர்லெஸ் போஸ்டில் மைக்கைப் பிடித்திருந்தவன் சின்னக்கண்ணு. பக்கத்தில் விமானங்களின் உயரம் குறிக்கிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால், “அந்தக் காலத்துல எப்படிங்க சமாளிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். சமாளிக்கவில்லை. எப்படிச் சமாளிக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பேசுகிறவன் செவிடன்

எனக்குப் புளியஞ்சோலைக்குக் கீழே ஒரு ஊர். கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மலை மேல் பாட்டரி தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் சுமைக்குத்தான் போனேன். பக்கத்து ஊர் சின்னக்கண்ணுவும் அப்படித்தான் வந்தான். பாட்டரியை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்போம். உள்ளே ஸ்பீக்கரில் விமானக்காரர்கள் பேசுவது கேட்கும். கேட்டுக் கேட்டே அந்த இங்கிலீஷ் பிடிபட்டது. எழுதச் சொன்னால் வராது, பேசச் சொன்னால் வரும். பெரிய கம்ப சூத்திரம் இல்லை. கொஞ்ச வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

கீழே இருந்து வந்த ஆபரேட்டர்களை மலைக்காய்ச்சல் ஒவ்வொருவராகப் படுக்கப் போட்டது. ஆள் இல்லாத கொடுமையில் ஹெட் ஆபரேட்டர் ராமலிங்கம் எங்கள் இரண்டு பேரையும் வயர்லெஸ் செட் முன்னால் உட்கார வைத்தார். திருச்சிக்காரர். வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுவார். முதல் நாள் மைக்கைக் கையில் கொடுத்துச் சொன்னார்:

“இந்தாப்பா ரங்கசாமி, இந்தப் பட்டனை அமுக்குனா நீ பேசுறே. விட்டாத்தான் உனக்குக் கேக்கும். அமுக்கிக்கிட்டு இருக்கறவரைக்கும் நீ செவிடு. ஊரே தீப்பிடிச்சாலும் தெரியாது.”

“எங்க பெரியப்பனும் அப்படித்தானுங்க” என்றான் சின்னக்கண்ணு. “வாயத் தொறந்தா காது அடைச்சுக்கும்.”

“உங்க பெரியப்பனால விமானம் விழாதுப்பா” என்றார் ராமலிங்கம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சொலவடை சொன்னாலும், நல்ல பேச்சு பேசினாலும், வேட்டி முனையில் காசு முடிகிற மாதிரி மனதில் முடிந்துகொள்வேன். ‘பேசுகிறவன் செவிடன்’ என்பதை அன்றைக்கே முடிந்துகொண்டேன். எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

போஸ்ட் எதற்கு என்று சொல்ல வேண்டும். விமானம் இறங்குகிற ஏரோட்ரோம் தெற்கே சமவெளியில் இருந்தது. வடக்கே இருந்து வருகிற விமானம் பேசினால் அங்கே கேட்காது, மலை மறைக்கும். மலை உச்சியில் இருக்கிற எங்களுக்கு இரண்டு பக்கமும் கேட்கும். விமானம் சொல்வதைக் கீழே சொல்வோம், கீழே சொல்வதை விமானத்துக்குச் சொல்வோம். கிழக்கே பச்சைமலையில் எங்களைப் போலவே இன்னொரு போஸ்ட். அங்கே மைக்கைப் பிடித்தவன் செல்லப்பன். அவன் தங்கையைச் சின்னக்கண்ணுவுக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

ஏரோட்ரோம், இரண்டு போஸ்ட், வருகிற போகிற விமானம் அத்தனைக்கும் ஒரே அலைவரிசை. “ஒத்தையடிப் பாதை, ஊரு பூரா மாட்டு வண்டி” என்பார் ராமலிங்கம்.

2. ஆணியில் தொங்கிய தகரம்

மேகம் இல்லாத நாளில் விமானக்காரன் கண்ணால் பார்த்து ஒதுங்கிக்கொள்வான். மேகத்துக்குள் அவன் குருடன். அதனால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு உயரம். ஒருவன் ஐயாயிரம் அடி என்றால் அடுத்தவன் ஆறாயிரம், அதற்கடுத்தவன் ஏழாயிரம். உறியில் பானைக்கு மேல் பானை தொங்கவிடுகிற மாதிரி. கீழ்ப்பானையை எடுக்காமல் மேல்பானையை இறக்கக்கூடாது. இந்த வேலையில் இருக்கிற சூட்சுமம் மொத்தமும் இதுதான்.

எங்கள் போஸ்டில் இதற்கு ஒரு பலகை. ஐந்து, ஆறு, ஏழு என்று உயரவாரியாக ஆணி அடித்திருக்கும். டப்பா மூடியை வெட்டி விமானத்தின் எழுத்தைப் பெயின்டில் எழுதி, எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த ஆணியில் மாட்டுவோம். எஸ் எழுத்து விமானத்துக்கு ஷுகர் என்று பேர். இங்கிலீஷ் ‘என்’ எழுத்துக்கு நேன். ஷுகரை நாங்கள் சக்கரை என்போம். நேனை என்ன செய்வதென்று தெரியாமல் நேனாகவே விட்டுவிட்டோம்.

சக்கரையை ஓட்டியவன் சின்ன வயசுக்காரன், குரலிலேயே தெரியும். பேசுவதற்கு முன்னால் மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொள்வான். பேசி முடித்ததும் “தேங்க்யூ, போஸ்ட்” என்பான். மற்றவர்கள் யாரும் எங்களுக்கு நன்றி சொன்னதில்லை. அவன் செருமல் கேட்டாலே சின்னக்கண்ணு நிமிர்ந்து உட்காருவான்.

“சக்கரை வந்துட்டாப்டி. கழுத்துல துணி சுத்தச் சொல்லோணும். என்னேரமும் தொண்டை கட்டிக்கிட்டே இருக்குது பாவம்.”

அவனை நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

3. பத்துக் குரல்

ஒருமுறை நானும் சின்னக்கண்ணுவும் பாட்டரியோடு குண்டூர் நாடு என்கிற மலை ஊர்கள் பக்கம் ஏறி வந்துகொண்டிருந்தோம். திடீரென்று மேகம் இறங்கிவிட்டது. காலுக்குக் கீழே பாதை இல்லை. ஒரு பக்கம் பள்ளம். சின்னக்கண்ணு கையை வாயருகே குவித்து, “ஓ…ய்” என்று கூப்பிட்டான்.

“ஏ…ன்” என்று ஒரு குரல் வந்தது. கூப்பிட்டால் அந்தப் பக்கத்தில் பதில் குரல் அதுதான். அது அடங்குவதற்குள் இன்னொன்று. அப்புறம் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள், ஆடு மேய்ப்பவர்கள், வீட்டுக்குள் இருந்தவர்கள், எல்லோரும் “ஏ…ன், ஏ…ன்” என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. குரல் கனமாக இருந்த பக்கம் நடந்தோம். ஊர் வந்துவிட்டது.

அங்கே ஒருவர் சாமைக் கஞ்சி கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஒத்தைக் குரலு ஏமாத்திப் போடும் சாமி. பாறையில பட்டு எங்கியோ இருக்கற மாதிரி கேக்கும். பத்துக் குரலு வந்தா ஊரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சு போகும். அதனால காதுல உழுந்தவிய அத்தனை பேரும் ஏன்னு கேக்கோணும். கேக்காதவன் ஊட்டுல அடுப்பு எரியாது.”

இதையும் முடிந்துகொண்டேன். சின்னக்கண்ணு முடிந்துகொள்ளவில்லை. அவனுக்கு அது ரத்தத்திலேயே இருந்தது. அவன் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீடு மலை மேல்தான். தூக்கத்தில் கூப்பிட்டாலும் “ஏனுங்க” என்பான்.

4. சாக்பீஸில் எழுதிய உத்தரவு

பத்துப் பேர் பார்த்தால் பாம்பு சாகாது என்பார்கள். அடுத்தவன் அடிப்பான் என்று ஒவ்வொருவனும் நிற்பான். ஒரு நாள் ஒரு விமானம் “எனி போஸ்ட், எனி போஸ்ட்” என்று கூப்பிட்டது. எந்த போஸ்டாக இருந்தாலும் பதில் சொல்லுங்கள் என்று அர்த்தம். எங்களில் அப்போது செட் முன்னால் இருந்தது ராமலிங்கம். குரல் கிழக்கே கேட்கிறது, பச்சைமலை சொல்லும் என்று அவர் விட்டார். கொல்லிமலை சொல்லும் என்று பச்சைமலை விட்டது. இரண்டு பேருமே சொல்லவில்லை. விமானம் வழி தெரியாமல் சுற்றிக் கடைசியில் ஒரு வறண்ட ஏரிக்குள் இறங்கியது. ஓட்டியவனுக்குக் கால் முறிந்தது. அதோடு போயிற்று.

கீழே இருந்து உத்தரவு வந்தது. எந்தக் கூப்பாடும் பதில் இல்லாமல் போகக்கூடாது, காதில் விழுந்த போஸ்ட் உடனே பதில் சொல்ல வேண்டும். ராமலிங்கம் அதைத் தகரச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்.

சின்னக்கண்ணுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இதைத்தானுங்க எங்க மலையில எப்பவும் பண்றாங்க. இவிகளுக்கு இப்பத்தான் புத்தி வந்துருக்குது.”

அதற்கப்புறம் விமானங்கள் கூடிப்போயின. அலைவரிசையில் மூச்சு விட இடமில்லை. ஒருவன் முடிக்கும் முன் இன்னொருவன் நுழைவான். உத்தரவுப்படி எந்தக் கூப்பாட்டுக்கும் நாங்களும் பதில் சொல்வோம், செல்லப்பனும் சொல்வான். வயர்லெஸில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் கேட்காது. கூர்மையாக ஒரு விசில்தான் கேட்கும். அதிலும் பாருங்கள், பேசுகிற இரண்டு பேருக்கும் அந்த விசில் தெரியாது. பேசுகிறவன் செவிடன். கேட்டுக்கொண்டிருக்கிற மூன்றாவது ஆளுக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு அதைச் சொன்னதே சக்கரைதான். ஒரு நாள் சிரித்துக்கொண்டே, “யார் அங்கே விசில் அடிக்கிறது? ஒருத்தர் பேசுங்கள்” என்றான். சரி, மச்சான் பேசட்டும் என்று சின்னக்கண்ணு பட்டனை விட்டான். மச்சான் பேசட்டும் என்று அந்தப் பக்கம் செல்லப்பனும் விட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள். மறுபடி விசில். கல்யாண வீட்டு வாசலில் சம்பந்திகள் இரண்டு பேர் “நீங்க போங்க, நீங்க போங்க” என்று நின்றுகொண்டே இருப்பார்களே, அந்தக் கதை. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ராமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. எந்த நேரத்தில் எந்த போஸ்ட் பேச வேண்டும் என்று பிரித்துக் கொடுங்கள் என்று கீழே கேட்டார். யோசிக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார். யோசிக்கிறோம் என்றே வந்தது. “இவங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மழைக்காலம் வந்துரும்யா” என்றார்.

மழைக்காலம் வந்தது.

5. ஐப்பசியில் ஒரு மத்தியானம்

காலையிலிருந்தே மூடாப்பு. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் கொட்டகை வாசலில் நின்றால் எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. வடக்கே இருந்து விமானங்கள் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஏரோட்ரோம் ஒவ்வொருவருக்கும் உயரம் பிரித்துக் கொடுத்து ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் ஓயவில்லை. சந்தையில்கூட ஒருவன் வெற்றிலை மெல்ல வாயை மூடுவான், அன்றைக்கு அதுவும் இல்லை.

நேன் ஐந்தில். சக்கரை ஆறில். இரண்டு தகரத்தையும் நான்தான் மாட்டினேன். இரண்டும் மலையின் வடக்குச் சரிவுப் பக்கம் இருந்ததால் அவை பேசுவது ஏரோட்ரோமுக்குக் கேட்காது. எங்களுக்குக் கேட்கும், பச்சைமலைக்குக் கேட்கும். விமானம் விமானத்தோடு நேராகப் பேசக்கூடாது, போஸ்ட் வழியாகத்தான் என்பது உத்தரவு.

செருமல் சத்தம் வந்தது. “எனி போஸ்ட், ஷுகர். பெட்ரோல் குறைகிறது. ஐந்துக்கு இறங்கலாமா? ஐந்து காலியா?”

நான் பலகையைப் பார்த்து, “ஐந்துல நேன் இருக்குது” என்றேன். சின்னக்கண்ணு பட்டனை அமுக்கி, “ஷுகர், ரிமெய்ன் அட் சிக்ஸ். நேன் அட் ஃபைவ்” என்றான். ஆறிலேயே நில், ஐந்தில் நேன் இருக்கிறது. தெளிவாகச் சொன்னான். அதில் ஒரு குறையும் இல்லை.

பட்டனை விட்டதும் சக்கரையின் குரல்: “கேட்கவில்லை. விசில்தான் வருகிறது. மறுபடி சொல்லுங்கள்.”

சின்னக்கண்ணு என்னைப் பார்த்தான். “மச்சான் பேசியிருப்பான். அவனே சொல்லட்டும்” என்று ஒரு மூச்சு பொறுத்தான். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. பட்டனை அமுக்கி அதையே மறுபடி சொன்னான்.

“விசில்” என்றான் சக்கரை. இப்போது செருமல் இல்லை.

சின்னக்கண்ணு மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தான். பட்டனை அமுக்கித் தமிழில் கத்தினான்: “மச்சான், நீ சும்மா இரு, நான் சொல்றேன்! நீ சும்மா இரு!” விட்டான். கேட்டான். மறுபடி ஒரு மூச்சு.

ராமலிங்கம் சோற்றுத் தட்டோடு எழுந்து வந்தார். “சொல்லுடா, சொல்லு!” என்றார்.

“ரிமெய்ன் அட் சிக்ஸ், ரிமெய்ன் அட் சிக்ஸ்” என்றான் சின்னக்கண்ணு.

பட்டனை விட்டபோது சக்கரை பேசிக்கொண்டிருந்தான். பாதியிலிருந்துதான் கேட்டது. “…கேட்கவில்லை. இனித் தாங்காது. ஐந்துக்கு இறங்குகிறேன். தேங்க்யூ, போஸ்ட்.”

அதற்கப்புறம் சின்னக்கண்ணு பட்டனை விடவே இல்லை. “நோ, நோ, நோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ராமலிங்கம் அவன் விரலைப் பிடித்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

வெளியே ஒரு சத்தம் கேட்டது. ஐப்பசி மாதம், இடி என்றும் நினைக்கலாம். ராமலிங்கம் தட்டைக் கீழே வைத்தார். அப்படித்தான் நினைத்துக்கொள்வோம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

பிறகு சின்னக்கண்ணு கூப்பிட்டான். “ஷுகர், ஷுகர்.” அவன் விட்டதும் பச்சைமலையிலிருந்து செல்லப்பன் கூப்பிட்டான். “ஷுகர், ஷுகர்.” அவன் நிறுத்தியதும் இவன். இவன் நிறுத்தியதும் அவன். “நேன், நேன்.” ஒரு தரம்கூட மோதவில்லை. ஏற்றம் இறைக்கிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று, அவ்வளவு சுத்தமாக வந்தது. மற்ற விமானங்களும் வாயைத் திறக்கவில்லை. நான் அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அலைவரிசை காலியாக இருந்தது அப்போது ஒரு தடவைதான்.

எஸ் தகரம் ஆறாம் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஐந்தில் மாட்ட வேண்டும். அவன் அங்கேதான் போனான். எனக்குக் கை வரவில்லை.

6. வெள்ளையம்மா சொன்னது

மறுநாள் விடிந்ததும் குண்டனி நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கூட வெள்ளையம்மா என்று ஒரு பொம்பளை. எல்லாம் விழுந்தது அவள் சாமைக்காட்டில். நடந்து வந்த களைப்பில் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராமலிங்கம் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னாள்:

“மேல ரொம்ப நேரமா சுத்துச்சுங்க. மேகத்துல வழி தப்பிப் போச்சுன்னு எங்களுக்கு வெளங்கிப் போச்சு. அப்பறம் சும்மா இருக்க முடியுங்களா? ஊரே காட்டுல எறங்கிக் குரலு குடுத்தோம். கொழந்தை குட்டியெல்லாம் குடுத்துச்சு. எங்களுக்குத் தொண்டை கட்டிப் போச்சுங்க.” தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். “அவ்வளவு ஒசரத்துல அவங்களுக்குக் கேட்டிருக்காதுங்களா?”

ராமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னக்கண்ணுதான் சொன்னான்.

“கேட்டிருக்கும் ஆத்தா.”

“அப்பறம் ஏன் சாமி வரல?”

இரண்டு விமானத்திலுமாக நாலு பேர் செத்த வருத்தத்தில் அழாதவன், அந்தக் கேள்விக்கு அழுதான்.

7. கற்றுக்கொண்டது

விபத்து நடந்த பிறகு, விசாரணைக்கு ஆள் வருமுன்பே, புது உத்தரவு வந்தது. ராமலிங்கம் இரண்டு தரம் கேட்டாரே, அதேதான். ஒரு நேரத்தில் ஒரு போஸ்ட் மட்டும் பேச வேண்டும், மற்றது காதை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும். முறை மாற்றி முறை. உயிர் போனால்தான் உத்தரவு வரும் என்பது நான் முடிந்துகொண்ட சொலவடைகளில் கடைசி. இது யாரும் சொன்னதில்லை, நானே கண்டது.

பின்னாளில் பல பேருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். முதல் நாளே சொல்லிவிடுவேன்: உன் முறை இல்லாதபோது, உனக்குப் பதில் தெரிந்திருந்தாலும், கூப்பிடுகிறவன் அழுதாலும், வாயைக் கட்டிக்கொண்டு உட்கார். அதுவும் வேலைதான். பேசுவதைவிடக் கஷ்டமான வேலை. நல்ல மனசு இருக்கிறவனுக்கு இன்னும் கஷ்டம்.

பிள்ளைகள் தலையாட்டிக் கற்றுக்கொள்வார்கள். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் கிடைத்ததில்லை. மனுஷன் கூப்பிடும்போது பேசாமல் இருக்கிற வித்தையை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவன் என்றுதான் என்னைப் பற்றி எனக்குத் தோன்றுகிறது.

சின்னக்கண்ணு செல்லப்பனின் தங்கையைத்தான் கட்டினான். மச்சானும் மச்சானும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் வாயைத் திறப்பான். மற்றவனும் திறப்பான். இரண்டு பேரும் மூடிக்கொள்வார்கள். சாப்பாடு முடிகிற வரைக்கும் அவ்வளவுதான்.

8. விசாரணை

முதலில் சொன்னேனே, அந்த விசாரணைக்கு வந்தவர் மெட்ராஸ்காரர். தமிழ் பேசினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முந்தின நாள் பச்சைமலைக்குப் போய்ச் செல்லப்பனை விசாரித்துவிட்டு வந்திருந்தார். சின்னக்கண்ணு ஒவ்வொரு தரமும் என்ன சொன்னான் என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அவனும் இதையேதான்ப்பா சொல்லியிருக்கான். ஆறிலேயே நில், ஐந்தில் நேன். அதே வார்த்தை. கீழே ஏரோட்ரோம்ல ரெண்டு பேரும் பேசினது விசிலாத்தான் கேட்டிருக்கு.”

“நான் மூச்சு உட்டுப் பாத்துட்டுத்தானுங்க பேசுனேன்.”

“அவனும் அதையே சொல்றான். நீ பேசட்டும்னு ஒரு மூச்சு பொறுத்தானாம். உன்னைச் சும்மா இருக்கச் சொல்லித் தமிழ்ல கத்தினானாம்.”

இரண்டு பேரும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள், ஒரே மாதிரி வளர்ந்தவர்கள், ஒரே மூச்சு. இரண்டு பேர் சொன்னதும் சரியான சொல். யாராவது ஒருவன் சொல்லியிருந்தால் போதும்.

“உன் மேல குத்தம் எழுத மாட்டேன்” என்றார் அதிகாரி. “அன்னிக்கு உத்தரவு அப்படி. ஆனா உனக்கும் தெரிஞ்சிருக்கட்டும். நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா, அவன் சொன்னது கேட்டிருக்கும். ரெண்டு விமானமும் இறங்கியிருக்கும்.”

ராமலிங்கம், “சார்” என்றார். சுவரில் அவர் கையால் எழுதிய பழைய உத்தரவின் சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது.

அப்போதுதான் சின்னக்கண்ணு அந்தக் கேள்வியைக் கேட்டான். கூப்பிட்ட குரலுக்கு ஏன்னு கேக்காம எப்படிங்க இருக்கறது, நீங்க இருப்பீங்களா என்று. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெளியே மேகம் இன்னும் விலகவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. வடக்கே எங்கேயோ ஒரு விமானம். புதுக் குரல்.

“எனி போஸ்ட், எனி போஸ்ட்.”

நாங்கள் நான்கு பேரும் அசையவில்லை. அன்றைக்குப் பச்சைமலையின் முறை. கொஞ்சம் தாமதித்துச் செல்லப்பன் பதில் சொன்னான். ஒற்றைக் குரல், தெளிவாக இருந்தது. கேட்டது என்று விமானம் சொன்னது.

சின்னக்கண்ணு செட் முன்னால் போய் உட்கார்ந்தான். ராமலிங்கம் தடுக்கக் கை நீட்டினார், அப்புறம் மடக்கிக்கொண்டார். அவன் மைக்கை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான். பட்டனிலிருந்து விரலைத் தள்ளிப் பிடித்திருந்தான், எங்களுக்குத் தெரிகிற மாதிரி. பிறகு யாருக்கும் போய்ச் சேராத அந்த மைக்குக்குள், தூங்குகிற குழந்தையின் காதில் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்:

“ஏன் கண்ணு? இங்கதான் இருக்கறேன்.”